ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துவது எப்படி

காவிரி டெல்டாவில் பல ஊர்களில் ஒரு சமுதாயக் கூடம் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் தங்குமிடம். மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். அதை வாரத்தில் இரண்டு நாள் திறந்து, அறுபது வயது தாண்டிய 15 முதல் 20 பேரைக் கூட்டிவைத்து, உடற்பயிற்சியும் பாட்டும் விளையாட்டுமாக வகுப்பு நடத்துவதற்கான குறிப்பு இது. நடத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் நின்று செய்து காட்ட, இன்னொருவர் சுற்றிவந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் என்றால் 8 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்.

நோக்கத்தை முதலிலேயே தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். யார் கையையும் பிடிக்காமல் எழுந்து, கழிவறைக்குப் போய், விழாமல் திரும்பி வர வேண்டும். வயதான காலத்தில் ஒருவரின் மானம் நிற்பது அந்தப் பலத்தில்தான். ஆனால் உடற்பயிற்சி என்று சொல்லிக் கூப்பிட்டால் ஆள் வராது. பேச்சுத் துணைக்கு வருவார்கள், தாயம் விளையாட வருவார்கள், பாட வருவார்கள். ஆகவே பயிற்சியை முதல் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, பிடித்ததைப் பின்னால் வையுங்கள். வரிசையை மாற்றினால் தாயக்கட்டையை விட்டு ஒருவரும் எழுந்து வரமாட்டார்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

தொடங்குவதற்கு நல்ல காலம் மாசி. சம்பா அறுவடை முடிந்திருக்கும், மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. இடையில் உளுந்து, பயறு பறிக்கும் நாள்களில் பெண்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். எழுபது வயதிலும் வயலுக்குப் போகிறவர்கள் இங்கே உண்டு. மேட்டூரில் ஜூன் 12ஐ ஒட்டித் தண்ணீர் திறந்தால் குறுவை நடவு, பிறகு சம்பா நடவு. அந்த நாள்களில் வகுப்பை நிறுத்த வேண்டாம். ஆள் குறையும் என்று தெரிந்தே நடத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத் தரையும் வழுக்குப் பாதையும் சேர்ந்துகொள்ளும். கனமழை நாளில் யோசிக்காமல் வகுப்பை விட்டுவிடுங்கள்.

கூடத்துக்குப் பெரிய போட்டி கல்யாணம். வைகாசி, ஆவணி, தை முகூர்த்த நாள்களைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, வகுப்பு அந்த நாளில் விழுந்தால் முன்கூட்டியே வேறு நாள் சொல்லிவிட வேண்டும். வாசலில் பந்தலைப் பார்த்து இரண்டு முறை திரும்பிப் போனவர் மூன்றாம் முறை வரமாட்டார். ஆடியும் மார்கழியும் நமக்குச் சாதகமான மாதங்கள்.

கூடத்தை வாடகையில்லாமல் கேட்க கிராம சபைதான் சரியான இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தலைவரிடம் வாய்வார்த்தையாக வாங்கிய அனுமதி தலைவர் மாறினால் போய்விடும். கிழமை, நேரம், சாவி யாரிடம், மின்கட்டணம் யார் பொறுப்பு என்று எழுதித் தீர்மானமாக வாங்கிவிடுங்கள்.

நேரம் காலை 10 முதல் 11.30 வரை. இட்லியோ பழையதோ சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கும். வெறும் வயிற்றோடு வந்து சர்க்கரை இறங்கும் ஆபத்தும் இல்லை. மாலை வைத்தால் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். கார்த்திகை, மார்கழியில் அது முடியாது. கத்திரி வெயிலில் மட்டும் காலை 8 மணிக்கு மாற்றுங்கள். ரேஷன் போடும் நாளையும் முதியோர் உதவித்தொகை வரும் நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

கூடத்தைத் தயார் செய்வது

முந்தின கல்யாணத்தின் எண்ணெய்ப் பிசுக்கு தரையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். சோப்புத்தூள் போட்டுக் கழுவி, தண்ணீர் முழுக்க வற்றிய பிறகுதான் ஆளை உள்ளே விட வேண்டும். அவசரத்துக்கு மாப் போட்டுவிட்டு ஈரத்தோடு திறப்பது பெரிய தவறு. ஜமுக்காளம் விரிக்காதீர்கள். அதன் ஓரம் மடிந்து கால் தடுக்கும். கோரைப்பாய் டைல்ஸில் சறுக்கும்.

வாசலில் படிக்கு 15 செ.மீ. உயரமாக மூன்று படி இருந்தால் மொத்தம் 45 செ.மீ. சாய்தளம் கட்டுவதாக இருந்தால் உயரத்தைப்போல் 12 மடங்கு நீளம் வேண்டும். அதாவது 540 செ.மீ. இரண்டு மீட்டரில் முடித்துவிடுகிற மேஸ்திரிகள் உண்டு. அந்தச் சரிவில் ஏறுவதைவிடப் படியே மேல். சாய்தளத்துக்கு இடமோ பணமோ இல்லையென்றால் படியின் ஓரமாக இரும்புக் குழாயில் கைப்பிடி போடுங்கள். ஒவ்வொரு படி விளிம்பிலும் மூன்று விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். கண்புரை உள்ளவருக்குச் சிமென்ட் படியின் விளிம்பு தெரியாது.

கழிவறையைக் கட்டாயம் பாருங்கள். பெரும்பாலான கூடங்களில் குத்துக்காலிட்டு உட்காரும் வகைதான் இருக்கும். அதன் மேல் போடுகிற, நடுவில் ஓட்டையுள்ள ஸ்டூல் ஒன்று வாங்கி வையுங்கள். சுவரில் கைப்பிடி, உள்ளே விளக்கு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் இவை மூன்றும் வேண்டும். கழிவறை சரியில்லாத கூடத்துக்குப் பெண்கள் வரமாட்டார்கள். வந்தாலும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். அதிலேயே கிறுகிறுப்பு வரும்.

இன்னொன்று. கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது இந்தப் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. வாழ்நாள் முழுதும் கூலி வேலை செய்த பெரியவர், பண்ணைக்காரர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நாற்காலியில் உட்காரத் தயங்குவார். தூணோரம் தரையில் உட்கார்ந்துகொள்வார். முதல் நாளிலிருந்தே நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். எல்லோருக்கும் நாற்காலி, எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர். 'வாங்க, உட்காருங்க' என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். எந்தத் தெருப் பெரியவரையும் 'நீ, வா, போ' என்று பேசும் தன்னார்வலரை வைத்துக்கொள்ளாதீர்கள். அப்பாயி, அம்மாச்சி, பெரியப்பா, தாத்தா என்று அவரவர் விரும்பும் முறையைக் கேட்டுக் கூப்பிடுங்கள். அறுபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பாட்டி என்றால் பலருக்குப் பிடிக்காது.

முதல் நாள் கேட்பதும் பார்ப்பதும்

ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா, நடந்தால் நெஞ்சில் அடைக்கிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, அண்மையில் அறுவை சிகிச்சை உண்டா, என்ன மாத்திரை, இன்சுலின் உண்டா, வீட்டில் யாருடைய போன் எண். நெஞ்சு அடைக்கிறது என்பவரை மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பயிற்சியில் சேர்க்க வேண்டாம். பாட்டுக்கும் விளையாட்டுக்கும் வரட்டும். 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் தன்னார்வலர் உங்கள் பகுதியில் இருப்பார். அவரை மாதம் ஒருமுறை வகுப்பு நாளில் வரச் சொல்லுங்கள். யாருக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரியும்.

பிரஷர் பார்க்கும்போது வந்த வேகத்தில் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். அரை மணி நேரத்துக்குள் டீ, காபி குடித்திருந்தாலும் மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தாலும் அளவு கூடக் காட்டும். மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 110க்கு மேல் போனால் மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்று பயிற்சி இல்லை, ஆரம்ப சுகாதார நிலையம்தான். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் எது இருந்தாலும் உடனே 108.

பிறகு இரண்டு சோதனை. கைப்பிடி இல்லாத, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுவரை ஆண்கள் 12, பெண்கள் 11. 70 முதல் 74 வரை 12, 10. 75 முதல் 79 வரை 11, 10. 80 முதல் 84 வரை 10, 9. இதற்குக் கீழே போனால் தொடைப் பலம் குறைந்துவிட்டது, விழும் ஆபத்து கூடியிருக்கிறது என்று கொள்ளலாம். கையை ஊன்றாமல் எழ முடியாதவருக்கு 0 என்றே எழுதுங்கள். இரக்கப்பட்டு 2 என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து முன்னேற்றமே தெரியாது. அடுத்தது, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார ஆகும் நேரம். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் அவர் பக்கத்தில் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும்.

நாற்காலிப் பயிற்சி

கூடத்தில் இருப்பவை பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒற்றை நாற்காலி கனமானவர் எழும்போது கால் விரிந்து சறுக்கும். இரண்டை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் உறுதியும் கூடும், உயரமும் சற்று ஏறும். மூட்டுவலிக்காரருக்கு அந்த உயரம் பெரிய உதவி. எழுந்து உட்காரும் பயிற்சிக்கு நாற்காலி முதுகு சுவரில் முட்டியிருக்கட்டும். விரிசல் விட்ட நாற்காலியை அப்போதே வெளியே எறிந்துவிடுங்கள். பெண்கள் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்ளட்டும், ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டட்டும். தேய்ந்த ரப்பர் செருப்பு கூடாது. தரை காய்ந்திருந்தால் வெறுங்கால் நல்லது. சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்கள் மட்டும் பின்பட்டி வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்போடு செய்ய வேண்டும், முடிந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுற்றுவது, தோளை உருட்டுவது, காலை மாற்றி மாற்றித் தூக்கி நடப்பதுபோல் செய்வது. கழுத்தை இடம் வலம் திருப்பினால் போதும். பின்னால் சாய்த்து வட்டமாகச் சுற்ற வைக்காதீர்கள், தலை சுற்றும்.

அடுத்து எழுவது. இருக்கையின் முன்பக்கம் நகர்ந்து உட்காரணும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைக்கணும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை உடம்பை முன்னால் சாய்க்கணும். பிறகு குதிகாலை அழுத்தி எழணும். பலர் எழ முடியாமல் தவிப்பதற்குப் பலக்குறைவு மட்டும் காரணமில்லை. கால் முன்னால் நீட்டியிருக்கும், உடம்பு நேராக இருக்கும். இந்த இரண்டையும் திருத்தினாலே அன்றைக்கே இரண்டு தடவை கூடுதலாக எழுவார்கள். உட்காரும்போது தொப்பென்று விழக்கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடியும்வரை இறங்கணும். இறங்குவதில்தான் தொடை பலம் பெறுகிறது. தொப்பென்று விழுந்தால் முதுகெலும்பு முறியவும் கூடும்.

முதல் இரண்டு வாரம் கையை ஊன்றி 5 தடவை. அடுத்த இரண்டு வாரம் 5 தடவை இரண்டு சுற்று, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. பிறகு ஒரு கை, பிறகு கையில்லாமல், 8 வாரத்தில் 10 தடவை இரண்டு சுற்று. எல்லோரும் சத்தமாக எண்ண வேண்டும். எண்ணினால் மூச்சை அடக்க முடியாது. அடக்கினால் பிரஷர் எகிறும். வேகமாக முடிப்பவரைப் பாராட்டாதீர்கள். அவரைப் பார்த்து மற்றவர்களும் வேகம் எடுப்பார்கள்.

நாற்காலி முதுகைப் பிடித்து நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது 10, காலைப் பக்கவாட்டில் தூக்குவது பக்கத்துக்கு 8, உட்கார்ந்து முழங்காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது காலுக்கு 8. கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். அது அரைக் கிலோ எடை. மூட்டு வலித்தால் நிறுத்துவதா என்று எல்லோரும் கேட்பார்கள். செய்யும்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலியோ வீக்கமோ இருந்தால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். கூர்மையாகக் குத்தும் வலி என்றால் அந்தப் பயிற்சியை அப்போதே விட்டுவிட வேண்டும்.

வாரம் இரண்டு வகுப்பில் மட்டும் பலம் ஏறிவிடாது. வீட்டில் தினமும் காபிக்கு முன் ஐந்து தடவை எழுந்து உட்காருவதை வழக்கமாக்குங்கள். நேரத்தைச் சொன்னால் மறப்பார்கள், காபியோடு சேர்த்துச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

விழாமல் நிற்க, விழுந்தால் எழ

கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்க வேண்டும். பாதம் இரண்டையும் சேர்த்து 10 நொடி. அடுத்து ஒரு பாதத்தை அரைப்பாதம் முன்னால் வைத்து. அடுத்து ஒரு குதிகால் மற்றக் கால்விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் 10 நொடி. கடைசி நிலையில் 10 நொடி நிற்க முடியாதவர்கள் விழக்கூடியவர்கள் என்று நோட்டில் குறியுங்கள். வரப்பில் நடந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க 'வரப்பு நடை' என்று சொன்னால் போதும். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒருவர் துணையாக நடக்க, கோட்டின் மேல் நடக்கவிடுங்கள்.

விழுந்தபின் எழும் முறையைச் சொல்லிக்கொடுப்பதைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். அபசகுனம் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. தனியாக இருக்கும் பெண்கள் கொல்லையில் விழுந்து மணிக்கணக்கில் கிடப்பது இந்த வித்தை தெரியாததால்தான். நடத்துநரே தரையில் படுத்துச் செய்து காட்டுங்கள்: முதலில் அசையாமல் கிடந்து எங்கே வலி என்று பார்ப்பது, ஒருக்களித்துப் புரண்டு முழங்கையை ஊன்றுவது, தவழும் நிலைக்கு வருவது, கட்டிலோ நாற்காலியோ திண்ணையோ இருக்கும் இடத்துக்குத் தவழ்ந்து போவது, அதன் மேல் இரு கையையும் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழுந்து, திரும்பி உட்காருவது. விழுந்தவரின் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். தூக்கி உட்காரவைக்கக் கூடாது. அசைக்காமல் 108ஐ அழையுங்கள்.

பயிற்சியின் நடுவில் ஒருவர் வியர்த்து, நடுங்கி, பேச்சு மாறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் காத்திருங்கள், தெளியவில்லையென்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிடட்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சர்க்கரை டப்பா கூடத்திலேயே இருக்கட்டும்.

பாட்டும் கும்மியும்

மைக் வேண்டாம். கான்கிரீட் கூடத்தில் எதிரொலி கிளம்பி, காது மந்தமானவர்களுக்குச் சொல் பிரியாது. மின்விசிறியைக் குறைத்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று பேசுங்கள்.

கும்மியைக் குனியாமல் அடிக்கக் கற்றுக்கொடுங்கள். மார்பு மட்டத்தில் தட்டு, வட்டத்தில் ஓர் அடி பக்கவாட்டில், மறு தட்டு. பக்கவாட்டு நடை இடுப்புத் தசைக்கு நல்லது. சுற்றும் வட்டத்தில் தலை சுற்றுபவர்கள் இருப்பார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள். நிற்க முடியாதவர்கள் நாற்காலியில் இருந்தபடி கோலாட்டக் குச்சியை எதிரில் இருப்பவரோடு தட்டலாம்.

நடவுப் பாட்டு தெரிந்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். பாடச் சொன்னால் 'மறந்துபோச்சு' என்பார்கள். ஒருவர் ஓரடி எடுத்தால் இன்னொருவர் அடுத்த அடியைப் பிடிப்பார்; அந்தக் கணத்துக்குப் பொறுமையாகக் காத்திருங்கள். குலவை போடச் சொல்லுங்கள், மூச்சுக்கு அதைவிடப் பயிற்சி கிடையாது. சம்மதம் கேட்டுச் செல்போனில் பதிவு செய்யுங்கள். பழைய கதை பேச நெல் ரகங்களிலிருந்து தொடங்கலாம்: குறுவைக்கு ஆடுதுறை 27 வந்த காலம், மாப்பிள்ளைச் சம்பா, ஐ.ஆர். 8. 1977 நவம்பர்ப் புயல், 2004 சுனாமி, 2018 கஜா ஆகியவற்றை நீங்களாக எடுக்காதீர்கள். அவர்களே தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

தாயம், பல்லாங்குழி, கோலம்

எல்லாவற்றையும் மேசைக்கு ஏற்றுங்கள். தரையில் உட்கார்ந்தால் எழவே அரை மணி ஆகும். தாயக்கட்டத்தை அட்டையில் தடித்த கோடாக வரைந்து, கட்டை உருளும் இடத்தில் துணி விரியுங்கள்; சத்தமும் குறையும், கட்டை கீழேயும் விழாது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறு ஆட்டம் என்ற கணக்கைப் பெரியவர்களே நடத்தட்டும். ஊருக்கு ஊர் விதி மாறும். எந்த விதி என்று விவாதிப்பதும் மூளைக்கு நல்ல வேலைதான்.

பல்லாங்குழிக்கு 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 காய். புளியங்கொட்டைக்குக் குழியின் உட்புறம் வெள்ளை பெயின்ட் அடித்தால் மங்கிய கண்ணுக்கும் தெரியும். குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று கவனித்து எடுக்கும் ஆட்டமாக ஆடுங்கள். கண்ணும் கணக்கும் ஒருசேர வேலை செய்யும். விரல் விறைத்தவர்களுக்குச் சோழி எளிது. பக்கவாதம் வந்து தேறியவரை, முடிந்தவரை பாதித்த கையால் காய் எடுக்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்தாதபடி அவருக்கேற்ற ஜோடியைப் பிடித்து விடுங்கள்.

கோலத்துக்குச் சிலேட்டும் சாக்பீஸும். இடைப்புள்ளி 7, 4 வரை என்ற அளவில் தொடங்குங்கள். புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டால் பாதி வேலை போய்விடும். புள்ளியை அவர்களே வைக்கட்டும். ஆண்களும் கேட்டுச் செய்வார்கள்.

கொறிக்க, குடிக்க

20 பேருக்கு ஒரு கிலோ பாசிப்பயறைக் குழைய வேகவைத்தால் போதும். கொண்டைக்கடலை பல் இல்லாதவர்களுக்கு ஆகாது, புரையேறவும் செய்யும். சுக்குமல்லி காபி ஆளுக்கு 100 மி.லி. என்று இரண்டு லிட்டர். வெல்லத்தை முதலிலேயே கலக்காமல் தனியே வையுங்கள். பயிற்சிக்கு முன் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், மருத்துவர் தண்ணீரைக் குறைக்கச் சொன்னவர்களைத் தவிர.

செல்போன்

மாதம் இரண்டு முறை போதும். ஒரு சொல்லிக்கொடுப்பவருக்கு மூன்று பேர். கல்லூரிப் பிள்ளைகளை அழைக்கலாம். பிள்ளைகள் போனைப் பிடுங்கித் தாங்களே செய்துவிடுவார்கள்; கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும் என்பதை விதியாக்குங்கள். முதலில் எழுத்தைப் பெரிதாக்குவது, பிறகு படத்தைத் தொட்டு மகனையோ மகளையோ அழைப்பது, பிறகு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் பதிவுதான் கடிதம். பணம் பற்றி ஒன்றே ஒன்றை மனப்பாடமாக்குங்கள்: பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையில்லை, கேட்பவன் திருடன். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930. முதியோருக்கான உதவி எண் 14567.

வருகை நோட்டு

ஒவ்வொரு வகுப்பிலும் வந்தவர் பெயர், யார் எத்தனை தடவை எழுந்தார், யாருக்கு என்ன வலி. 12 வாரம் கழித்து முதல் நாள் சோதனைகளை அதே நாற்காலியில், அதே நேரத்தில் மறுபடி செய்யுங்கள். நாற்காலி மாறினால் கணக்கும் மாறிவிடும். எண் ஏறியிருந்தால் வீட்டாரிடமும் சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு ஒருவர் வரவில்லையென்றால் அன்று மாலையே யாராவது அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். யார் போவது என்பதைத் தெருவாரியாக நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.